வியாழன் பெரிதாகிறது, ஆனால் வடிவாகத் தெரியவில்லை: கோள் பார்க்க எந்த ஐபீஸ்?

தொலைகாட்டி வாங்கி ஒரு மாதம் போனால் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும். ஐபீஸ் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறிய வில்லைக் குழல், மேலே மி.மீ. எண் ஒன்று எழுதியிருக்கும். பெட்டியோடு வந்ததை விடச் சிறிய மி.மீ. ஒன்றை வாங்கினால் சனி தோசைக்கல் அளவுக்கு வந்து நிற்கும் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் 4 மி.மீ. ஐபீஸ் ஒன்றை வாங்கி, கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடியில் என் 70 மி.மீ. தொலைகாட்டியில் மாட்டினேன். வியாழன் பெரிதாகத்தான் வந்தது. ஈரத்தாளில் விழுந்த மஞ்சள் மைப்பொட்டு மாதிரி, விளிம்பும் இல்லை, பட்டியும் இல்லை. அந்த ஐபீஸ் இன்றைக்கும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அதனால் இதைக் குறைகளின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் முறைப்பாடு எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். மற்றதெல்லாம் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

முதலில் குழாயில் உள்ள இரண்டு எண்கள்

குழாயின் பக்கத்தில், ஐபீஸ் செருகும் இடத்துக்குக் கிட்ட ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் இரண்டு எண்கள். ஒன்று முன்வில்லையின் அல்லது ஆடியின் விட்டம், மற்றது குவியத்தூரம். என்னுடையதில் 70, 700. குவியத்தூரத்தை ஐபீஸில் உள்ள எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும்: 25 மி.மீ. போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு, 4 மி.மீ. போட்டால் 175 மடங்கு.

இனி, குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 700ஐ 70ஆல் வகுத்தால் 10. இதுதான் குவிய விகிதம். கோள் பார்க்க ஐபீஸ் தேடும் ஒருவருக்கு இந்த ஒரு எண் போதும். குவிய விகிதம் எதுவோ, அதே எண்ணுள்ள ஐபீஸ்தான் தொடங்கும் இடம். 10 என்றால் 10 மி.மீ., 8 என்றால் 8 மி.மீ., 5 என்றால் 5 மி.மீ. அந்த ஐபீஸில் உங்கள் உருப்பெருக்கம், விட்டத்தின் மி.மீ. எண்ணுக்குச் சமமாக இருக்கும். அதில் பாதி எண்ணுள்ள ஐபீஸ் போட்டால் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு. அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேலே போனால் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலில், சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பி, ஐபீஸிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள். வில்லையின் மேல் ஒரு சிறிய ஒளி வட்டம் மிதக்கும். கண்ணுக்குள் போகும் வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான். ஐபீஸ் எண்ணைக் குவிய விகிதத்தால் வகுத்தால் அதன் அகலம் கிடைக்கும். 25 மி.மீ. போட்டால் எனக்கு 2.5 மி.மீ., வடிவாகத் தெரிந்தது. 4 மி.மீ. போட்டபோது ஊசித்துளை மாதிரி 0.4 மி.மீ. அவ்வளவு மெல்லிய கற்றையில் கோளின் நுணுக்கம் எங்கே தங்கும்?

"ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு"

இது ஐபீஸின் குற்றம் இல்லை. குறைந்த மி.மீ. ஐபீஸோடு தேடத் தொடங்கினால் கோளைக் கண்டுபிடிக்கவே முடியாது; பார்க்கும் வானத்துண்டு அவ்வளவு சிறியது. இருப்பதிலேயே பெரிய எண்ணுள்ளதை, 20 அல்லது 25ஐ, முதலில் போடுங்கள். குழாயின் மேலிருக்கும் தேடுகுழாயை, அதாவது குறிபார்க்கும் சின்னத் தொலைகாட்டியை, பின்னேரமே சரிசெய்து வைக்க வேண்டும். எங்கள் மாடியிலிருந்து வடக்கே தாமரைக் கோபுரம் தெரியும். 350 மீற்றர் உயரம், இரவிலும் விளக்கு எரியும். அதன் உச்சிக் கம்பியை 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு தேடுகுழாயின் திருகுகளைத் திருகி அதிலும் நடுவுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் குழாயைக் கொண்டுபோக வேண்டாம். ஐபீஸில் திருகிப் போடும் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஏதாவது பெட்டியில் வந்திருந்தால் அதை உடனே எறிந்துவிடுங்கள். வெப்பத்தில் அது வெடித்தால் போவது கண்.

ஐபீஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் குவியத்தைத் திரும்பவும் திருத்த வேண்டும். ஆடித் தொலைகாட்டியில் கோள் உளுந்துவடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு தெரிகிறதென்றால் குவியம் விலகி நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டை உள்ளே இருக்கும் சிறிய ஆடியின் நிழல்.

"வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டு"

பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று நான்கு புள்ளிகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் தொலைகாட்டி நன்றாகத்தான் இருக்கிறது. 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு துணைக்கோள்கள் அவை. ஒன்று சிலவேளை வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும்.

28 மடங்கில் வியாழனின் வெளிச்சம் சிறிய இடத்தில் குவிவதால் கண் கூசும், பட்டிகள் அதில் கரைந்துவிடும். இங்கேதான் சிறிய எண்ணுள்ள ஐபீஸ் உண்மையாகவே வேண்டும். 70 மடங்குக்குப் போங்கள். வெளிச்சம் பரவி அடங்கும், நடுவில் இரண்டு பழுப்புப் பட்டிகள் மெல்ல எழும்பி வரும். எழும்பி வரும் என்றுதான் சொல்கிறேன். முதல் நொடியில் தெரியாது. கதிரை போட்டு அமர்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியாழன் கிட்ட வரும் காலத்தில், 40 மடங்கிலேயே, வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்கு இருக்கும். ஆனால் கறுப்பு வட்டத்துக்குள் தனியே நிற்பதால் யாருக்கும் அப்படித் தோன்றாது. ஒரு கண்ணால் நிலாவையும் மறு கண்ணால் ஐபீஸையும் பார்த்து ஒப்பிட்டபோதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

இன்னொன்று: கோள் பார்க்கக் கொழும்பு வெளிச்சம் தடையே இல்லை. இருட்டைத் தேடி நகரத்துக்கு வெளியே போகத் தேவையில்லை. கண் கூசினால் மாடி விளக்கைப் போட்டுவிட்டே பாருங்கள், இன்னும் வசதியாக இருக்கும்.

"பெரிதாகிறது, ஆனால் மங்கல்"

இந்த முறைப்பாட்டுக்குத்தான் அதிகம் பேர் புது ஐபீஸ் வாங்குகிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. ஏனென்றால் மங்கலில் நாலைந்து வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலில் ஒரு சோதனை: உடனே ஒரு படி பெரிய எண்ணுள்ள ஐபீஸுக்கு மாறிப் பாருங்கள்.

மாறியதும் படம் சிறிதாகி, கத்தியால் வெட்டினதுபோலக் கூராகிவிட்டால் உங்கள் பிரச்சினை மிதமிஞ்சிய உருப்பெருக்கம். மலிவுப் பெட்டிகளில் எஸ்.ஆர் 4 என்று எழுதிய ஒரு ஐபீஸும், 3 மடங்கு பார்லோ வில்லை ஒன்றும் (ஐபீஸோடு சேர்த்துப் போட்டு உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) வரும். இரண்டையும் சேர்த்து 70/700 குழாயில் போட்டால் 525 மடங்கு. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதும் இதைத்தான். அந்தக் குழாயின் உச்சவரம்போ 140. அதோடு, மடங்கு கூடக்கூட வெளிச்சம் அதன் வர்க்கப்படி குறையும்: 70இலிருந்து 175க்குப் போனால் கோளின் முகம் ஆறு மடங்குக்கு மேல் மங்கும். எஸ்.ஆர் 4இன் உள்ளே இருப்பதும் பழைய, எளிய வில்லை அமைப்பு. கண் வைக்கும் துளை மிளகளவு. அதை லாச்சியில் என்னுடையதுக்குத் துணையாகப் போட்டுவிடலாம்.

மாறிய பிறகும் படம் ஆடிக்கொண்டே, நடுவில் ஓரிரு நொடி மட்டும் பளிச்சென்று தெளிந்து மறைந்தால் அது காற்று. கடலோர நகரம், கொங்கிறீட் மாடி, பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகவோ, தகரக் கூரைக்கு மேலாகவோ கோளைப் பார்த்தால் வெந்நீர்ப் பானையின் ஆவிக்குள்ளால் பார்ப்பது மாதிரித்தான். இடத்தை நான்கு அடி மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மாடியில் செடித்தொட்டி இருக்கும் மூலை, வெறும் தரையை விட நல்லது. நள்ளிரவு தாண்டினால் இன்னும் நல்லது. இங்கே ஐபீஸால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: உருப்பெருக்கத்தைக் குறைப்பது.

படம் ஆடவில்லை, எந்த ஐபீஸ் போட்டாலும் பால் ஊற்றினதுபோல வெண்மையாக இருக்கிறதென்றால் டோர்ச்சை எடுத்து முன்வில்லையைப் பாருங்கள். ஈரம் படிந்திருக்கும். வெளிநாட்டுக் கையேடுகளில் தொலைகாட்டியைக் குளிரவிட்டுப் பாருங்கள் என்று எழுதியிருப்பார்கள். அது பனி நாட்டுக் கதை. எங்களுக்கு நேர் எதிர்: ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கண்ணாடியைக் கொழும்பின் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வியர்க்கும். மூடியைக் கழற்றாமல், ஐபீஸ்களையும் பெட்டிக்குள் வைத்தபடியே முக்கால் மணி நேரம் வெளியில் விடுங்கள். சேலைத் தலைப்பாலோ சேர்ட் நுனியாலோ துடைக்க வேண்டாம், பூச்சில் கீறல் விழும்.

ஆடித் தொலைகாட்டியாக இருந்து, மேலே சொன்ன எதுவும் பொருந்தாவிட்டால் ஆடிகள் நேர்கோட்டில் இல்லை. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றே விலக்குங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருந்தால் ஆடியின் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை ஐபீஸ் போட்டாலும் கோள் வால்வெள்ளி மாதிரித்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஒட்டுத்தாளில் 1000 மி.மீ. என்றிருந்து, குழாய் அதில் பாதி நீளம்கூட இல்லாத ஆடித் தொலைகாட்டிகள் உண்டு. உள்ளே ஒரு வில்லையைச் செருகிக் குவியத்தூரத்தை நீட்டியிருப்பார்கள். அதில் பெரும்பாலும் 100 மடங்குக்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

2022 ஓகஸ்டில் ஒரு மின்வெட்டு இரவு. புழுக்கம் தாங்காமல் பிளாட்டில் பாதிப் பேர் மாடிக்கு வந்திருந்தார்கள். முதலில் 4 மி.மீ. ஐபீஸில் சனியைக் காட்டினேன். ஒருவர் "ஓம், ஏதோ தெரியுது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு 10ஐ மாட்டினேன். நாலாம் மாடி மாமி, கொடியில் காயப்போட்ட துணியைத் தோளில் போட்டபடியே குனிந்து பார்த்தா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் தலையைத் தூக்கி, "தம்பி, உள்ளுக்க படம் கிடம் ஒட்டி வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டா. 70 மடங்குதான். சுண்டுவிரல் நகத்திலும் சிறிய சனி, ஆனால் வளையம் தனியே வெட்டி வைத்தது போல.

"சனிக்கு வளையமே இல்லையே!"

ஐபீஸை மாற்ற வேண்டாம். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29.5 ஆண்டு ஆகும். அதில் இரண்டு முறை வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். 2025 மார்ச்சில் அப்படி நின்றது. அதற்குப் பிறகு வளையம் மெல்ல மெல்ல விரியும், 2032 அளவில்தான் முழுக்க அகலமாகத் தெரியும். 2025ஐ ஒட்டிய காலத்தில் வளையம் கோளுக்குக் குறுக்கே குத்திய ஈர்க்குப் போலத் தெரிந்தால், உங்கள் தொலைகாட்டி உண்மையைத்தான் காட்டுகிறது.

"கண்ணை வைக்கவே முடியவில்லை, கறுப்பு நிழல் வந்து மறைக்கிறது"

இது உண்மையான ஐபீஸ் பிரச்சினை. ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தூரத்தில் இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்று ஒரு அளவு உண்டு, அதுதான் கண் தூரம். பரவலாகக் கிடைக்கும் ப்ளோசல் என்ற ஐபீஸ் வகையில் அது அதன் மி.மீ. எண்ணில் முக்கால்வாசி. 25 மி.மீ. ப்ளோசலில் சுகமாகப் பார்க்கலாம். 6 மி.மீ. ப்ளோசலில் நாலைந்து மி.மீ.தான்; இமைமயிர் கண்ணாடியைத் துடைக்கும், துடைத்த எண்ணெய் அடுத்தவருக்குப் பனிமூட்டம். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, 12 மி.மீ. ப்ளோசலையும் 2 மடங்கு பார்லோவையும் சேர்ப்பது. 6 மி.மீ. வேலையைச் செய்யும், கண் தூரம் 12க்குரியதாகவே இருக்கும். மற்றது, 66 பாகை அகலக் காட்சி கொண்ட 6 அல்லது 9 மி.மீ. ஐபீஸ். கழுத்தில் தங்க நிறக் கோடு போட்டவை மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் கண் தூரம் 15 மி.மீ. அளவில் இருக்கும். குவிய விகிதம் 5 உள்ள குறுகிய குழாயில் அவற்றின் ஓரங்கள் கொஞ்சம் கலங்கும். கோளை நடுவில் வைத்துத்தானே பார்க்கப்போகிறீர்கள், பரவாயில்லை. நான் வாங்கச் சொல்வது இந்த இரண்டாவது வழியை.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத் திருகையே திருத்திக்கொள்ளலாம். நிழல் அவரைவிதை மாதிரி வந்து வந்து போகிறதென்றால் கண்ணை மிகவும் கிட்டக் கொண்டுபோகிறீர்கள், ஒரு மயிரளவு பின்னால் எடுங்கள்.

"கோள் ஓடிவிடுகிறது"

ஓடுவது பூமி. 70 மடங்கில், 50 பாகை காட்சி கொண்ட ப்ளோசலில், கோள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறக்குறைய மூன்று நிமிடம். 140 மடங்கில் ஒன்றரை நிமிடமும் இல்லை. அகலக் காட்சி ஐபீஸ் இங்கேயும் கைகொடுக்கும். கோளை நடுவில் வைக்காமல், அது வரும் பக்கத்து ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். தொலைகாட்டி அதிர்வதற்கு இரண்டு நொடி போனாலும் மிச்ச நேரம் உங்களுக்கே.

கடையில் "நட்சத்திரத்தைத் தானாகத் தொடரும்" என்று சாய்ந்த அச்சுத் தாங்கியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே திருப்ப வேண்டும். கொழும்பு 7 பாகை வடக்கில் இருப்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தில்தான். அதற்குள் பக்கத்து பிளாட் தண்ணீர்த் தாங்கி மறைத்துவிடும். பல தாங்கிகள் அவ்வளவு கீழே சாயவும் மாட்டா, சாய்ந்தால் எதிர்எடை காலில் இடிக்கும். மேல்கீழ், இடம்வலம் திரும்பும் சாதாரணத் தாங்கியே இங்கே மேல்.

"ஓரத்தில் நீலம், சிவப்பு"

கோளைச் சுற்றி ஊதா மூட்டம் இருந்தால் அது வில்லைத் தொலைகாட்டியின் முன்வில்லை போடும் நிறம், ஐபீஸ் மாற்றிப் போகாது. மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்றால் கோள் அடிவானத்துக்குக் கிட்ட இருக்கிறது. காற்று அதை அரியம் மாதிரிப் பிரிக்கிறது. ஏறும்வரை காத்திருங்கள். இதில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கோள்கள் கொழும்பில் உச்சிக்கு வரும்போது எப்படியும் 60 பாகை அளவில் அல்லது அதற்கும் மேலே நிற்கும். லண்டனில் இருக்கும் என் மச்சான் சில ஆண்டுகளில் வியாழனை 20 பாகைக்கு மேல் காணவே மாட்டான். அவனுடைய தொலைகாட்டியோ என்னுடையதைப்போல மூன்று மடங்கு விலை.

"படம் தலைகீழ்"

இருக்கட்டும். வானத்தில் மேல் கீழ் கிடையாது. நிமிர்த்தும் வில்லை பெட்டியில் வந்திருந்தால் கழற்றி வையுங்கள், அது கூர்மையைக் கெடுக்கும்.

"நூல் மாதிரி, புள்ளி மாதிரி ஏதோ மிதக்கிறது"

ஐபீஸைக் கையால் சுழற்றுங்கள். புள்ளியும் சேர்ந்து சுழன்றால் ஐபீஸில் தூசு. சுழலாமல் கண்ணை அசைக்கும்போது மட்டும் நகர்ந்தால் அது உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதப்பது. ஒளிக்கற்றை ஒரு மி.மீ.க்கும் மெலிந்தால் எல்லோருக்கும் தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை. பெரிய எண் ஐபீஸுக்குப் போனால் மறையும்.

டோர்ச் வெளிச்சத்தில் வில்லைக்குள் சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சணம். இந்த ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் போதும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டி, விற்றமின் போத்தல் எல்லாவற்றிலிருந்தும் நான் சேர்த்து வைக்கிறேன். தொலைகாட்டியோடு வரும் தோல் பைக்குள் வைப்பதுதான் மோசம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

"ஐபீஸ் குழாய்க்குள் போகவில்லை"

வாங்குமுன் அடிமட்டத்தால் அளந்திருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் 1.25 அங்குலம், அதாவது 31.7 மி.மீ. பழைய சிறிய தொலைகாட்டிகளில் 0.965 அங்குலம், 24.5 மி.மீ. இரண்டாவது வகை கையில் இருந்தால், மாற்று வளையம் ஒன்று வாங்கிப் புதிய அளவு ஐபீஸ் போடலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால், 70/700க்கு 9 மி.மீ.; காற்று அசையாத இரவுகளுக்கு 6. 114/900க்கும் 150/1200க்கும் 8 அல்லது 9. 130/650க்கு 5 அல்லது 6. எட்டு அங்குல டொப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் பெரிய ஆடித் தொலைகாட்டி) வைத்திருக்கும் பாக்கியசாலிக்கு 6 மி.மீ.யில் 200 மடங்கு வரும். ஆனால் மாரி தொடங்குமுன் வரும் இடிமின்னல் மாதங்களில் அதை மாட்டும் இரவுகளை விரல்விட்டு எண்ணலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மாட்டிப் பாருங்கள்.